"இதெல்லாம் மனுஷன் போட்டதுதானே"ன்னு யாராச்சும் சொன்னா எப்படிப் பிரிச்சுப் பாக்குறது

இங்க சிங்கப்பூர்ல ஜேசில, அதாவது ஜூனியர் காலேஜ்ல, நாலெட்ஜ் அண்ட் இன்கொயரிங்கிற பாடம் எடுக்குற பிள்ளை வீட்ல இருந்தா இந்தக் கேள்வி ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல வந்தே தீரும்: நமக்குத் தெரியும்னு நாம சொல்றதெல்லாம் உலகத்துல உள்ளதை உள்ளபடி சொல்றதா, இல்ல மனுஷங்க கூடிப் பேசி உண்டாக்கிக்கிட்டதா? அந்தப் பாடம் எடுக்காத வீட்லயும் இதே கேள்வி வேற மாதிரி வருது. "பிஎம்ஐ, அந்த உயரம்-எடை கணக்கு எல்லாம் யாரோ எங்கயோ போட்ட நம்பர், அதப் பாத்து பயப்படாத"ம்பாரு ஒரு சித்தப்பா. "ரிப்போர்ட்ல வந்துருச்சுல்ல, அதுக்கு மேல என்ன பேச்சு"ம்பாங்க ஒரு அத்தை. ரெண்டு பேரும் எதிரெதிரா நிக்கிற மாதிரி தெரிஞ்சாலும் பண்றது ஒண்ணுதான், கட்டி வச்ச மூட்டைய அவிழ்க்காமலே உள்ள இருக்கிறது அரிசியா உமியான்னு சண்டை போடுறாங்க.

எனக்கு இதுல உறுதியான ஒரு நிலை இருக்கு. மொத்த அறிவுக்கும் சேத்து ஒரே பதில் சொல்ல முடியாது. நாம சொல்ற ஒவ்வொரு விஷயத்துக்குள்ளயும் உலகம் குடுத்த பங்கு கொஞ்சம் இருக்கு, மனுஷங்க போட்ட பங்கு கொஞ்சம் இருக்கு, எது எதுன்னு பிரிக்கிறது பழகினா வர்ற வேலைதான், அதுக்கு தத்துவத்துல டிகிரி வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதல்ல பண்ண வேண்டியது, பொதுவாப் பேசுறத நிறுத்திட்டு ஒரே ஒரு வாக்கியத்த எடுத்து எழுதுறது. "சயின்ஸ் உண்மையா?"ன்னு எழுதினா விடிய விடியப் பேசலாம், ஒண்ணும் நகராது. "எனக்கு சுகர் இருக்கு"ன்னு எழுதுங்க. நம்ம வீடுகள்ல அடிக்கடி கேக்குற வாக்கியம் அது, அதனால இதையே பிரிச்சுக் காட்டுறேன், இத ஒருக்கா ஒழுங்காப் பிரிச்சுப் பாத்துட்டா மத்தது எல்லாம் சுலபமா வரும்.

பாலிகிளினிக்ல வெறும் வயித்துல ரத்தம் எடுத்தாங்க, ரிப்போர்ட்ல 7.4ன்னு வந்துருக்கு, சுகர் இருக்குன்னு சொல்லிட்டாங்க. இந்த ஒரு வாக்கியத்துக்குள்ள குறைஞ்சது நாலு துண்டு இருக்கு.

ரத்தத்துல குளுக்கோஸ் கூடிப் போயிருக்குங்கிறது ஒரு துண்டு. இத எந்தக் கமிட்டியும் உண்டாக்கல. லேபும் மிஷினும் வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே நம்ம பக்கத்து வைத்தியருங்க இந்த நோய்க்காரங்களோட மூத்திரத்துல எறும்பு மொய்க்கிறதப் பாத்து எழுதி வச்சிருக்காங்க, எறும்புக்கு எந்தச் சமூகமும் எதுவும் சொல்லிக் குடுக்கல.

அடுத்த துண்டு அந்த 7.4ங்கிற எண்ணோட அளவு. இங்க மில்லிமோல் கணக்கு, ஊர்ல மில்லிகிராம் கணக்கு. அதனாலதான் தஞ்சாவூர்ல இருக்குற பெரியம்மா போன்ல "எனக்கு 133"ன்னு சொல்லும்போது இங்க இருக்குறவங்க பதறிப் போறாங்க, இங்க உள்ள எண்ண 18ஆல பெருக்குனா ஊர் எண் வந்துரும், 7.4ம் 133ம் கிட்டத்தட்ட ஒரே சக்கரைதான். இது முழுக்க முழுக்க மனுஷன் போட்ட ஏற்பாடு, எத வச்சுக்கிட்டாலும் ஒரு கெடுதலும் இல்ல, மாத்திப் படிக்கத் தெரிஞ்சா போதும்.

மூணாவது துண்டுதான் கவனமாப் பாக்க வேண்டியது, அந்தக் கோடு. வெறும் வயித்துல 7.0 இல்ல அதுக்கு மேலன்னா டயபிடிஸ்னு இப்ப சொல்றாங்க. முன்னாடி அந்தக் கோடு 7.8ல இருந்துச்சு. 1997ல அமெரிக்க டயபிடிஸ் சங்கத்தோட நிபுணர் குழு 7.0க்கு இறக்கினாங்க, உலக சுகாதார நிறுவனமும் 1999ல அதையே எடுத்துக்கிச்சு. அப்ப 7.4 உள்ள ஒருத்தர் 1996ல இந்த டெஸ்ட்படி நோயாளி இல்ல, கொஞ்ச நாள் கழிச்சு நோயாளி, ரத்தத்துல ஒரு துளி மாற்றமும் இல்ல. சித்தப்பா கட்சிக்காரங்க இங்கதான் கைதட்டுவாங்க, "பாத்தியா, அவங்க இஷ்டத்துக்குப் போடுறாங்க"ன்னு. ஆனா கோட்ட ஏன் நகத்தினாங்கன்னு கேளுங்க. பல நாட்டு மக்களோட கண்ணப் பரிசோதிச்சதுல, விழித்திரை ரத்தக்குழாய் கெடுறது 7.8க்குக் கீழ இருக்குறவங்ககிட்டயே ஏற ஆரம்பிக்கிறது தெரிஞ்சுது, குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்குற டெஸ்ட்ல மாட்டுறவங்கள்ல நிறைய பேர் வெறும் வயித்து டெஸ்ட்ல தப்பிச்சுப் போறதும் தெரிஞ்சுது. கோடு போட்டது மனுஷங்க, எங்க போடலாம்னு அவங்களுக்குக் காட்டினது கண்ணுக்குள்ள இருக்குற ரத்தக்குழாய். 7.0க்குப் பதிலா 6.8ன்னு வச்சிருக்கலாமா, வச்சிருக்கலாம். 12ன்னு வச்சிருக்கலாமா? வச்சா ஜனங்க பார்வை போகும், அந்தப் பேப்பர்ல யார் கையெழுத்து இருந்தாலும் போகும்.

நாலாவது, அந்தப் பேர் வந்ததுக்கு அப்புறம் நடக்குறது. மெடிசேவ்ங்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்குலேர்ந்து எடுத்து மருந்துக்குக் கட்டலாம், இன்ஷூரன்ஸ்ல கேள்வி கேப்பாங்க, கல்யாண வீட்ல பாயசம் வைக்காம விடுவாங்க. இது எல்லாமே நாம சேந்து உண்டாக்கிக்கிட்டது, ஆனா நம்ம வாழ்க்கைய நிஜமா மாத்துது.

இப்படித் துண்டு போட்டதுக்கு அப்புறம் ஒவ்வொரு துண்டையும் ரெண்டு சோதனை வைங்க. ஒண்ணு மறதிச் சோதனை: நாளைக்குக் காலைல உலகத்துல எல்லாருக்கும் இது மறந்து போச்சுன்னா என்ன ஆகும்? 7.0ங்கிற கோடு மறஞ்சு போகும், மில்லிமோல் மறஞ்சு போகும், ஆனா சக்கரை கூடின ரத்தம் சிறுநீரகத்தக் கெடுக்குறது நிக்காது. பணத்துக்கு இதே சோதனை வச்சா மொத்தமும் போயிடும். சிங்கப்பூர் வெள்ளியும் (டாலர்) புருணை வெள்ளியும் 1967ல இருந்து ஒண்ணுக்கு ஒண்ணு சமம், அந்த ரெண்டு நோட்டுக்கும் உள்ள உறவு முழுக்க ஒப்பந்தத்துல நிக்கிறது, காகிதத்துல ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு நகத்திப் பாக்குற சோதனை. கோட்டையோ பேரையோ வேற இடத்துக்குத் தள்ளிப் பாருங்க, ஏதாச்சும் எதிர்த்து நிக்குதா? இதுக்கு நம்ம ஊர் கடிகாரத்த விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சிங்கப்பூர் இருக்குறது கிழக்கு 104 டிகிரி பக்கம், 15 டிகிரிக்கு ஒரு மணின்னு கணக்குப் போட்டா கிரீன்விச்ச விட ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாத்தான் முன்னாடி இருக்கணும். 1905ல ஏழு மணின்னு வச்சாங்க. அப்புறம் ஏழு இருபது, ஏழரை. ஜப்பான்காரன் ஆண்ட 1942லேர்ந்து 1945 வரைக்கும் டோக்கியோ நேரம், அதாவது ஒன்பது. அவன் போனதும் திரும்ப ஏழரை. மலேசியா தன்னோட ரெண்டு பகுதிக்கும் ஒரே நேரம் வைக்கணும்னு எட்டுக்குப் போனப்ப, வியாபாரம் போக்குவரத்து எல்லாம் பாத்து நாமளும் கூடப் போனோம், 1981 டிசம்பர் 31 ராத்திரி 11.30 மணிய 12ஆ ஆக்கி 1982 பொறந்துச்சு. இத்தன தடவ நகத்தியும் சூரியன் ஒரு தடவகூட நகரல. அதனாலதான் இங்க பொழுது விடியுறதுக்கு ஏழு மணி ஆகுது, உச்சி வெயில் பன்னெண்டுக்கு இல்லாம ஒரு மணி வாக்குல வருது, ஆறரைக்கு ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கிற பிள்ளைங்க வாய்ட் டெக்ல, அதாவது பிளாக்குக்குக் கீழ உள்ள திறந்த தளத்துல, லைட்டு வெளிச்சத்துல நிக்குதுங்க. எட்டுங்கிற எண் நாம வச்சது, அந்த இருட்டு நாம வச்சது இல்ல, ஆனா அந்த இருட்டுல பிள்ளைங்க நிக்கணும்ங்கிறது திரும்பவும் நாம வச்சதுதான்! இத மூணாப் பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்ச பிள்ளைக்குப் பாதி பாடம் முடிஞ்சுது.

1966ல பீட்டர் பெர்கர், தாமஸ் லக்மன்னு ரெண்டு சமூகவியல்காரங்க இதப் பத்தித்தான் எழுதினாங்க. மனுஷங்க ஒண்ணப் பண்ணுவாங்க, அது பழக்கமாகும், அடுத்த தலைமுறை வரும்போது அது மலை மாதிரி எப்பவும் இருந்ததாத் தோணும். 1982க்கு அப்புறம் பொறந்தவங்களக் கேட்டுப் பாருங்க, ஏழு மணிக்கு விடியுறதுதான் இந்தப் பூமியோட இயல்புன்னு நினைப்பாங்க. அவங்க ரெண்டு பேரும் சொன்னதுல எனக்குப் பிடிச்சது இந்த இடம்தான், இத எடுத்துக்கிட்டு "அப்ப சூரியனும் நாம சொல்லித்தான் வருது"ன்னு நீட்டுறவங்களோட எனக்கு ஒத்துப் போகாது.

புகைமூட்டக் காலத்துல வாட்சப்ல வர்ற சண்டைக்கும் இதே வழிதான். ஒருத்தர் நம்ம அரசாங்கத்தோட காத்து மாசுக் குறியீடு, பிஎஸ்ஐ, 100ன்னு போடுவாரு, இன்னொருத்தர் வெளிநாட்டு ஆப்ல 150ன்னு இருக்கு, மறைக்கிறாங்கன்னு போடுவாரு. ஒரு நாள் சராசரி பிஎம் 2.5ங்கிற ரொம்பச் சின்னத் துகள் கனமீட்டருக்கு 55 மைக்ரோகிராம்னா இங்க உள்ள அட்டவணைல அது 100, அமெரிக்க அட்டவணைல 150. ஒரே காத்து, ரெண்டு அட்டவணை. 2014 ஏப்ரலுக்கு முன்னாடி நம்ம பிஎஸ்ஐ கணக்குல பிஎம் 2.5 சேரவே இல்ல, அதனால பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்துல வச்சுப் பாக்குறதும் சரிப்படாது. இந்த மாதிரி நேரத்துல குறியீட்டு எண்ண விட்டுட்டு மைக்ரோகிராமத் தேடிப் போங்க, அதுலயும் மனுஷன் போட்ட அளவு இருக்குதான், ஆனா நுரையீரலுக்குப் போற துகளுக்கு ரொம்பக் கிட்ட இருக்கு.

இப்ப கஷ்டமான பகுதி. நாம தெரிஞ்சு வச்சிருக்கிறதுல முக்கால்வாசி நாமளே பாத்தது இல்ல, யாரோ சொல்லி நம்பினது. சைவ சித்தாந்தம் படிச்சவங்க காட்சி, கருதல், உரைன்னு மூணு அளவை, அதாவது அறியுற வழி, சொல்லுவாங்க, கண்ணால காண்றது, கண்டத வச்சு ஊகிக்கிறது, நம்பத் தகுந்தவர் சொல்றது. உரைய அவங்க ஒதுக்கித் தள்ளல, அதையும் ஒரு அளவையா வச்சிருக்காங்க, அது எனக்கு நியாயமாப் படுது. உரை இல்லாம ஒருத்தராலயும் வாழ முடியாது, என் பிறந்த நாளே எனக்கு உரையாத்தான் தெரியும். கேள்வி என்னன்னா, யாரோட உரைய எவ்வளவு தூரம் நம்புறது.

இதுக்கு அல்சர் கதையத் தெரிஞ்சு வச்சுக்கோங்க. காரம் சாப்பிட்டா, கவலப்பட்டா வயித்துப்புண் வரும்னு நம்ம வீட்ல மட்டும் சொல்லல, டாக்டர்களும் ரொம்ப காலம் அமிலமும் மன அழுத்தமும்தான் காரணம்னு நம்பினாங்க, அமிலத்தக் குறைக்கிற மாத்திரை போட்டா வலி குறைஞ்சுது, அதனால அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்த மாதிரி தெரிஞ்சுது. ஆஸ்திரேலியாவுல பெர்த்ல ராபின் வாரன்னு ஒருத்தர் நோயாளிங்க வயித்துத் திசுத் துணுக்குல வளைஞ்ச பாக்டீரியாவப் பாத்தாரு, பேரி மார்ஷல்னு ஒரு இளம் டாக்டர் அவரோட சேந்தாரு. லேபுல அத வளக்கப் பாத்தா வளரல, ஏன்னா ரெண்டு நாள்ல ஒண்ணும் முளைக்கலன்னா தட்டத் தூக்கிப் போட்டுடுறது அங்க வழக்கம். 1982ல ஈஸ்டர் லீவு வந்துச்சு, தட்டு அப்படியே கூடுதல் நாள் கிடந்துச்சு, திரும்பி வந்து பாத்தா வளந்திருக்கு. அந்தக் கிருமி மெதுவா வளர்ற ஜாதி, அவ்வளவுதான். இந்த ஒரு தட்டுக்குள்ள நம்ம கேள்வி முழுசும் இருக்கு: ரெண்டு நாள்ல தூக்கிப் போடுறது மனுஷங்க வச்ச வழக்கம், அந்த வழக்கம் ஒரு உண்மைய வருஷக்கணக்கா மறைச்சு வைக்க முடிஞ்சுது, ஆனா கிருமி அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு வளர்றத விடல.

அப்புறமும் பெரிய டாக்டர்கள் லேசுல ஒத்துக்கல. 1984ல மார்ஷல் அந்தக் கிருமிய வளத்து அவரே குடிச்சாரு, சில நாள்ல வாந்தி, வயித்துல அழற்சி. 1994 வாக்குல அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம் கூட்டின நிபுணர் குழு ஆன்டிபயாடிக் குடுக்கச் சொல்லுச்சு, 2005ல ரெண்டு பேருக்கும் நோபல். வலி மாத்திரை அதிகமாப் போடுறதாலயும் அல்சர் வரும், அத விட்டுட்டா பெரும்பாலானதுக்குக் காரணம் அந்தக் கிருமிதான்.

இதுலேர்ந்து உரைய எடை போடுறதுக்கு நான் வச்சிருக்கிற கேள்விங்க இது: சொல்றவரு சரியில்லன்னா அத யாராவது கண்டுபிடிக்க வழி இருக்கா? கண்டுபிடிக்கிறவருக்கு அங்க மரியாதை கிடைக்குமா, இல்ல வாய அடைப்பாங்களா? அவருக்கு வேண்டாதவங்களே சோதிச்சுப் பாத்து அதே பதிலுக்கு வந்திருக்காங்களா? மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பெருசு. மருத்துவ உலகம் பிடிவாதம் பிடிச்சுது, ஆனா கடைசில மாறுச்சு, ஏன்னா நம்பாத டாக்டரும் ஆன்டிபயாடிக் குடுத்துப் பாக்கலாம், புண்ணு ஆறுச்சான்னு பாக்கலாம். பூண்டு வச்சா கேன்சர் போயிடும்னு வாட்சப்ல அனுப்புறவருக்கு இந்த வழி எதுவும் கிடையாது. "நிபுணர்களும் முன்னாடி தப்பா சொல்லியிருக்காங்களே"ன்னு பூண்டுக்குத் துணையா இந்த அல்சர் கதையவே சொல்லுவாங்க, ஏமாறாதீங்க, அந்தத் தப்பக் கண்டுபிடிச்சதும் அதே சோதிக்கிற வழிதான்.

இன்னொரு பக்கம் ஒரு எச்சரிக்கை. ஒண்ணு மனுஷன் கட்டினதுன்னு தெரிஞ்சதும் அப்ப அது பொய்யின்னு தாண்டிப் போயிடாதீங்க. நம்ம ஐசில, அடையாள அட்டைல, இருக்குற இனத்த எடுங்க. அரசாங்கக் கணக்குல அது நாலு கட்டம்: சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். "இந்தியர்"ங்கிற அந்தக் கட்டத்துக்குள்ள தமிழர், மலையாளி, பஞ்சாபி, வங்காளி, சிங்களவர் எல்லாரும் வர்றாங்க, இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் வம்சாவளியும் மக்கள்தொகைக் கணக்குல இதுலதான். இயற்கைல இப்படி ஒரு கோடு எங்கயும் இல்ல, 2011ல இருந்து கலப்புக் கல்யாணத்துல பொறந்த பிள்ளைக்கு ரெண்டு இனத்தையும் சேத்துப் பதியலாம்னு மாத்துனதே இது மாத்தக்கூடியதுங்கிறதுக்கு அத்தாட்சி. ஆனா வீடு விக்கிறப்பப் பாருங்க. 1989ல இருந்து எச்டிபி, அதாவது அரசாங்க வீட்டு வாரிய, பிளாக்குல இன ஒதுக்கீடு இருக்கு, இந்தியரும் மற்றவரும் சேந்து பிளாக்குக்கு 15 விழுக்காடு, சீனர் 87. உங்க பிளாக்ல சீனர் அளவு நிரம்பியிருந்துச்சுன்னா இந்தியரான நீங்க சீனருக்கு விக்க முடியாது, வாங்க வர்ற கூட்டத்துல பெரும்பகுதி போயிடும், விலை இறங்கும். கட்டினதுதான், ஆனா கைக்கு வர்ற வெள்ளில தெரியுது. "இனம்னு ஒண்ணு இல்லவே இல்ல"ன்னு தத்துவம் பேசுறவரு அந்த வீட்டுக்காரர்கிட்ட அதச் சொல்லிப் பாக்கட்டும்.

இயன் ஹாக்கிங்னு கனடாவுல ஒரு தத்துவ அறிஞர் இருந்தாரு, அவரு காட்டின ஒரு வித்தியாசம் இங்க ரொம்ப உதவும். குளுக்கோஸுக்கு நீங்க என்ன பேர் வச்சாலும் அதுக்குத் தெரியாது. மனுஷனுக்கு ஒரு பேர் வச்சா அவனுக்குத் தெரியும், அந்தப் பேருக்கு ஏத்த மாதிரி மாறுவான், இல்ல அத எதிர்த்து மாறுவான், அவன் மாறினதும் அந்தப் பேரோட அர்த்தமும் மாறும். "இந்தியர்"னு பதிஞ்ச பிள்ளை தாய்மொழியாத் தமிழோ, இல்லன்னா ஹிந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருதுல ஒண்ணோ படிக்குது, அந்தப் பாடமே நாளைக்கு அந்தப் பிள்ளை யாருங்கிறதுல ஒரு பகுதியாகுது. அதனால பிரிச்ச துண்டு மனுஷங்களப் பத்தினதா இருந்தா கூடுதலா ஒரு கேள்வி கேளுங்க: இந்தப் பேர் வச்சதால அவங்க மாறியிருக்காங்களா?

பெத்தவங்களுக்கு இது நேராப் படுற இடம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி முடிக்கிறப்ப எழுதுற தேர்வு. பழைய டி-ஸ்கோர் முறைல, சேந்து எழுதின மத்த பிள்ளைங்க எப்படிப் பண்ணாங்கங்கிறதப் பொறுத்து உங்க பிள்ளை எண் ஏறும் இறங்கும், 2021ல இருந்து ஏஎல் (அடைவுநிலை) முறை, மார்க்க வச்சு நேரா நிலை. 75ல இருந்து 79 வரைக்கும் ஏஎல்4, 65ல இருந்து 74 வரைக்கும் ஏஎல்5. 74 வாங்கின பிள்ளையும் 75 வாங்கின பிள்ளையும் வேற வேற கட்டத்துல, 65ம் 74ம் ஒரே கட்டத்துல. இதுலயும் துண்டு போடுங்க. பின்னம் வகுக்கத் தெரியுமா தெரியாதாங்கிறது நிஜம், அத யாரும் கற்பனை பண்ணல. எந்தக் கணக்குக்கு எத்தன மார்க்குங்கிறது ஏற்பாடு. கட்டம் எங்க பிரியுதுங்கிறது ஏற்பாடு. "இவன் ஏஎல்5 பையன்"னு வீட்ல சொல்லத் தொடங்குறோம் பாருங்க, அது ஹாக்கிங் சொன்ன வகை, பத்து பன்னெண்டு வயசுப் பிள்ளை அதக் கேட்டுக்கிட்டுத்தான் வளருது, தயவு செஞ்சு அத மட்டும் சொல்லாதீங்க.

ஸ்கூல்ல திருப்பிக் குடுக்குற பேப்பர எடுத்துக்கிட்டுப் பிள்ளையோட உக்காருங்க. மேல சிவப்பு மையில இருக்குற எண்ண ஒரு கையால மூடிக்கோங்க. ஒவ்வொரு தப்பா எடுத்து, இது புரியாம விட்டதா, புரிஞ்சும் நேரம் பத்தாம விட்டதா, கேள்வியவே வேற மாதிரி படிச்சதான்னு பிள்ளையவே சொல்லச் சொல்லுங்க. புரியாம விட்டத மட்டும் தனியா ஒரு நோட்டுல எழுதி வைங்க, அந்த நோட்டுல இருக்குறதத்தான் அடுத்த வாரம் சொல்லிக் குடுக்கணும்.